ஏறாத டயர்

"தரையைப் பிடிக்கிற பட்டன் கம்மியா இருக்கிற டயரா நாலு கொடு, நோலீன். கடையிலேயே எது மட்டமோ அதையே கொடு."

இன்னெஸ் இப்படிக் கேட்டதும், தன் டயர் கடையில் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்த நோலீன் நிமிர்ந்தாள்.

"யார் வண்டிக்கு?"

"இவன் ஓட்டப்போற வண்டிக்கு."

பக்கத்தில் நின்ற ராவிரி தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான். இன்னெஸின் ஆட்டுப் பண்ணையில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த மேய்ப்பன் அவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அடுத்த வாரம் மலையில இருந்து ஆடு இறக்கணுமே?"

"ஆமா."

"மழை வேற விடாம பெய்யுது. அந்தச் சரிவுல மொட்டை டயரா? தோட்டத்துல புல்லு வெட்டுற வண்டிக்குக்கூட நான் அதைப் போட மாட்டேன்."

சுவரோரம் அடுக்கியிருந்தவற்றுள் பெரியதொரு டயரை அவள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இதைப் பாருங்க. ஒவ்வொரு பட்டனும் கட்டைவிரல் தடிமன். சேறு, பாறை, ஈரப் புல்லு, எதுக்கும் அசராது. நியூசிலாந்து முழுக்கத் தேடினாலும் இதை மிஞ்சினது கிடையாது. இதை மட்டும் மாட்டிட்டா..."

"சுவர்லயும் ஏறும். போன தடவை விக்கும்போதும் இதையேதான் சொன்னே," என்றார் இன்னெஸ். "எனக்கு ஏற வேண்டாம்."

"என் மாமியார் மனசுல ஏறுமா, ஆன்ட்டி?" என்றான் ராவிரி.

"அதுக்கு புல்டோசர் வேணும்டா. நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசிட்டிருக்கேன்."

அவன் சிரித்தான். இன்னெஸ் சிரிக்கவில்லை.

"டயரை மட்டும் கொடு, நோலீன். பண்ணையில நாங்களே மாட்டிக்கிறோம்."

அந்த அவசரம் நோலீனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவள் மனத்தில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நல்ல டயரோட அருமை உங்களுக்குத் தெரியாதா என்ன? ரெண்டு வருஷம் முன்னாடி இதே டயரை இதே கடையிலதான் வாங்கினீங்க. உங்களுக்குன்னா நல்லது. ஓட்டுறவன் அடுத்தவன்னா மொட்டை."

இன்னெஸ் பணப்பையை வெளியே எடுத்தார். அவள் விடவில்லை.

"யூவன் வண்டியும் மொட்டை டயர்லதான் ஓடிச்சு. நானே கண்ணால பார்த்திருக்கேன். ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தது போதாதா, இன்னெஸ்?"

யூவன் அவருடைய ஒரே மகன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆடுகளை இறக்கப் போன இடத்தில், அந்தச் சரிவில் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து அவன் இறந்துபோனான். மகனுடைய வண்டிக்கு நல்ல டயர் வாங்கிப் போடாத தகப்பன் என்று ஊரெல்லாம் பேசியது. அந்தப் பேச்சு எந்தக் கடையில் தொடங்கியது என்பது நோலீனுக்குத் தெரியும்.

"விடுங்க ஆன்ட்டி," என்றான் ராவிரி தணிந்த குரலில். "வண்டியை அடிவாரத்துல நிறுத்திட்டு, நாய்களோட நடந்தே ஏறணும்னுதான் பாஸ் சொல்லியிருக்கார்."

"இன்னைக்குச் சொல்லுவார். நாளைக்கே ஆடு சிதறினா, வண்டியில ஏறிப் போடான்னும் சொல்லுவார். வண்டி எங்கே?"

"டிரெய்லர்ல இருக்கு. பக்கத்து ஊர் மெக்கானிக்கிட்ட இருந்து இப்பத்தான் எடுத்துட்டு வர்றோம்."

"பழைய டயர் எந்த லட்சணத்துல இருக்குன்னு நானே பார்க்கிறேன்."

"நோலீன், வேண்டாம்," என்று இன்னெஸ் தடுக்கப் பார்த்தார். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

பிக்கப் வண்டியின் மேலிருந்த நாய்கள் குரைத்தன. பின்னால் நின்ற டிரெய்லரின் தார்ப்பாயை அவள் ஒரே இழுப்பில் விலக்கினாள்.

நாலு சக்கர பைக். சிவப்பு நிறம். கைப்பிடி மட்டும் புதிது.

"இது யூவன் வண்டி இல்ல?"

"ஆமா, ஆன்ட்டி. ரெண்டு வருஷமா ஷெட்டுல கிடந்துச்சு."

நோலீனின் பார்வை சக்கரங்களுக்கு இறங்கியது. மொட்டை டயரை எதிர்பார்த்தே அவள் வந்திருந்தாள். ஒவ்வொரு பட்டனும் கட்டைவிரல் தடிமன் இருந்தது, ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை. தன் கடையில் விற்கும் ஒவ்வொரு டயரிலும் அவள் கையாலேயே இழுக்கும் மஞ்சள் பெயின்ட் கோடு, அந்த நான்கின் பக்கவாட்டிலும் இருந்தது.

"இது... உங்க வண்டிக்குன்னுல்ல நான் நெனச்சேன்."

"அவன் பிறந்தநாளுக்கு வாங்கினேன்," என்றார் இன்னெஸ்.

ராவிரிதான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"முன்னாடி மொட்டை டயர் இருந்தவரைக்கும் யூவன் அந்தச் சரிவுல வண்டியை ஏத்தினதே இல்லையாம், ஆன்ட்டி. அடியிலேயே சக்கரம் வழுக்குமாம். இறங்கி நடந்துடுவாராம். இதை மாட்டின பிறகுதான் ஏத்திப் பார்த்திருக்கார். பாதி மலை வரைக்கும் நல்லாத்தான் பிடிச்சிருக்கு."

நோலீன் டிரெய்லரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஊரே ஏசியபோதும் வாய் திறவாதிருந்த அந்த மனிதரை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை.

"இன்னெஸ்... அன்னைக்கு இதை விக்கும்போது நான் சொன்னேனே. அதை யூவன்கிட்டப் போய்ச் சொன்னீங்களா?"

இன்னெஸ் தார்ப்பாயை இழுத்துச் சக்கரங்களை மூடினார்.

"நீ என்னம்மா சொன்னே?" என்றார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே."