பெட்டியின் அடியில்

டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு சிறிய நாடு. அதற்கு அரசர் யார் என்பதை எங்கோ தொலைவில் இருந்த சுல்தான்தான் முடிவு செய்வார். பிடித்தவருக்குச் சரிகை அங்கி அனுப்புவார். பிடிக்காமல் போனால் அந்த அரசரின் தோளில் கறுப்புத் துணி போடச் சொல்வார்; அத்தோடு பதவி போய்விடும்.

ஆட்களைச் சுமந்து சுமந்து அந்த நாட்டு அரியணைக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. அன்றும் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

“எங்கள் அரசர் ஆற்றுக்குப் பாலம் கட்டப்போகிறார்” என்றது அவர் உடுத்தியிருந்த அங்கி.

“கட்டட்டும்” என்றது அரியணை. போன அங்கியும் இதே பாலத்தைத்தான் சொன்னது.

முதல் கல் வைப்பதற்குள், அங்கியைக் கொண்டுவந்த அதே அதிகாரி வந்து அரசரின் தோளில் கறுப்புத் துணியைப் போட்டார்.

“அதற்குள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்துவிட்டாயா?” என்று அங்கி துணியிடம் கேட்டது.

“நான் எங்கே வந்தேன்? நீ வந்த பெட்டியிலேயே உனக்கு அடியில்தான் கிடந்தேன்.”

அங்கி அரியணையைப் பார்த்தது. “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தால் நீ பாலத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டாய்” என்றது அரியணை. “அதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் முதுகுவலி மறக்கிறது.”