மூன்றாவது வாட்ச்சும் ஆகாது

“இதுவும் ஆகாது தம்பி, எடுத்து உள்ள வைங்க!”

அந்த அம்மாள் வாட்ச்சைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் போட்ட வேகத்தில் கடைக்காரருக்குத் திக்கென்றது. ஓடுகிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் ஜி.பி.எஸ். வாட்ச். எவ்வளவு தூரம் ஓடினோம் என்று சொல்வதுதான் அதன் வேலை. ஒரே வாரத்தில் அவர் திருப்பிக் கொண்டுவரும் மூன்றாவது வாட்ச் அது.

“இதுல என்ன மேடம் குறை?”

“மைதானத்துல பத்து சுத்து நடந்து பார்த்தேன். கால் ரெண்டும் கழண்டு போச்சு. நாலு கிலோமீட்டருக்கு அஞ்சே அஞ்சு மீட்டர்தான் வித்தியாசம் வருது.”

“அவ்வளவுதானா! இந்த விலைக்கு இதைவிடச் சரியான வாட்ச் எங்க தேடினாலும் கிடைக்காது மேடம்.”

“அதனாலதான் ஆகாதுங்கறேன்.”

கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விலையும் குறைவாக இருக்க வேண்டும், அஞ்சு மீட்டர் பிசகவும் கூடாது என்றால் அவர்தான் என்ன செய்வார்?

வாசலில் ஹாரன் அலறியது. வண்டி நிறுத்த இடமில்லாத தெரு அது. ஸ்கூட்டரின் பின்சீட்டில், புது ஷூவும் தானுமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் கணவர் எட்டி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு? சரியான வாட்ச் கிடைச்சுதா இல்லையா? விடிஞ்சா நான் ஓடியாகணும்!”

“பார்த்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்!” என்று குரல் கொடுத்துவிட்டு அம்மாள் திரும்பினார். “பேங்க்ல கேஷியரா இருந்தவர் தம்பி. கணக்குன்னா கணக்குதான். தினமும் அஞ்சு கிலோமீட்டர். அஞ்சு முடியாம புயலே அடிச்சாலும் வீடு திரும்ப மாட்டார்.”

“அப்போ அந்த மைதானத்துலயே சுத்தச் சொல்லலாமே? வாட்ச்சே வேண்டாமே?”

“அது செக்குமாட்டு வேலையாம். ரோட்டுலதான் ஓடுவாராம். பழைய வீட்டுப் பக்கம் ஒவ்வொரு விளக்குக் கம்பமும் அவருக்கு அத்துப்படி. இப்போதான் இந்தப் பக்கம் குடி வந்திருக்கோம், தெருவெல்லாம் புதுசு. இங்க வாட்ச் சொல்றதுதான் அவருக்கு வேதவாக்கு.”

“போன்லயே செலவில்லாம பார்த்துக்கலாம் மேடம்.”

“போனை வீட்டுல வீசிட்டுத்தான் கிளம்புவார். நீங்க வாட்ச்சைக் காட்டுங்க.”

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மேல் தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார்.

“இது விலை கொஞ்சம் தூக்கல்தான். ஆனா ஒரு முழம் தள்ளி நடந்தாக்கூடச் சொல்லிடும்.”

“ஐயோ, வேண்டவே வேண்டாம்!” அம்மாள் பாம்பைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். “இதுக்கெல்லாம் நீங்க முதல்ல கொடுத்த மலிவு வாட்ச்சே தேவலை.”

“அது ஐம்பது மீட்டர் தப்பா காட்டுதுன்னு நீங்கதானே கொண்டுவந்து கொடுத்தீங்க?”

“தப்புன்னா சொன்னேன்? ஆகாதுன்னேன்.”

கடைக்காரரின் பொறுமை அத்தோடு அறுந்தது. “ஏம்மா, ஓடறது உடம்புக்காகத்தானே? அஞ்சு மீட்டர், ஐம்பது மீட்டர்ல உயிரா போயிடப் போகுது?”

அந்த அம்மாளின் கண் சட்டென்று கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். அழுகையைவிட எரிச்சல்தான் அதில் அதிகம்.

“என் கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியப்போகுது! எந்தக் கடைக்குப் போனாலும் சரியான வாட்ச், சரியான வாட்ச்னு உயிரை வாங்கறீங்க. விடிஞ்சா அவர் ஷூவை மாட்டிக்கிட்டு நிப்பார்.”

திட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாட்ச்சுகள் குவிந்து கிடந்தன.

“அதெல்லாம் என்ன?”

“அந்தக் குப்பையை ஏன் கேக்கறீங்க மேடம்? மேல ஜி.பி.எஸ்.னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், உள்ள ஒரு மண்ணும் இல்லை. கையை வீசறதை வெச்சுக் குத்துமதிப்பா அடிச்சு விடுது. நாலு கிலோமீட்டர் ஓடினா அஞ்சுன்னு கூசாம புளுகும். வாங்கினவங்க எல்லாம் என் மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சுட்டுப் போயிட்டாங்க. கம்பெனிக்கே திருப்பி அனுப்பப் போறேன்.”

அம்மாள் மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். “எப்பவும் இப்படித்தான் கூட்டிக் காட்டுமா? திடீர்னு ஒரு நாள் சரியா காட்டிடாதே?”

“அந்த யோக்கியதை அதுக்கு எந்தக் காலத்துலயும் வராது. நானே கட்டிக்கிட்டு நாலஞ்சு தடவை ஓடிப் பார்த்தவன்.”

“நிச்சயமா?”

“கடைமேல சத்தியமா மேடம்.”

“அப்போ அதுல ஒண்ணு கொடுங்க.”

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “அஞ்சு மீட்டர் வித்தியாசம்னு அதைத் தள்ளிட்டு, ஒரு முழு கிலோமீட்டர் புளுகற இதை வாங்கறீங்களே! உங்க வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஹாரன் மறுபடி அலறியது. அம்மாள் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு கடைக்காரரின் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அவர் ஹார்ட்டு நாலுக்கு மேல தாங்காதுன்னுட்டார் டாக்டர், வாட்ச்சுல அஞ்சைப் பார்க்காம இந்த மனுஷன் நிக்க மாட்டார், தம்பி!”