காலி அறையைக் காட்டிய சுட்டி

ஒரு சர்வர் கணினிக்குள் ஒரு சுட்டி, அதாவது பாயின்டர், இருந்தது. நினைவகத்தில் ஓர் அறையைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பதுதான் அதன் பிழைப்பு. அது காட்டுகிற அறையிலிருந்து என்ன உத்தரவு வந்தாலும் சர்வர் செய்துவிடும்.

அந்த அறையில் ஒரு கட்டளை குடியிருந்தது. வேலையில்லாத நேரத்தில், "என்ன மச்சான், இன்னுமா கை வலிக்கல?" என்று சுட்டியைச் சீண்டும். சுட்டிக்கு அதில் ஒரு சுகம்.

ஒருநாள், அறைகளை ஒதுக்கிக் கொடுக்கிற நினைவக மேலாளர் அந்தக் கட்டளையைக் காலி செய்து அனுப்பிவிட்டார். சுட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவ்வளவு பெரிய மனுசனுக்கு வாய் வலிக்குமாக்கும்!" என்று சுட்டி பொருமியது. ஆனாலும் நீட்டிய கையை இறக்கவில்லை.

"ஆளில்லாத அறையை எதுக்குய்யா காட்டிட்டு நிக்கிற?" என்றது பக்கத்துச் சுட்டி.

"வரும்யா."

பிறகு அறையில் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து இணையம் வழியே வந்த எவனோ ஒருவன் இடம் கேட்க, மேலாளர் அந்த அறையையே கொடுத்திருந்தார். குரல் வேறு. முதல் வார்த்தையிலேயே சுட்டிக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாக் கதவையும் திற" என்றான் அவன்.

என்றும் தயங்காத சர்வர் அன்று தயங்கியது. "உள்ள இருக்கிறது நம்ம ஆளுதானே? ஊர்ச்சனத்து ரகசியமெல்லாம் இங்கதான் கிடக்கு."

"நம்ம ஆளேதான்" என்றது சுட்டி.

கதவுகள் திறந்தன. கண்டவர்களும் புகுந்து கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். சுட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறைப்பக்கம் சாய்ந்து, "நீயாவது கொஞ்ச நாள் இருப்பியா?" என்று கேட்டது.