மூணாவது மாடி

தினமும் விடிந்தால் மகன் போன் செய்துவிடுவான்.

“அம்மா, மஞ்சள் போட்டுப் பால் குடிச்சியா? கீரை சாப்பிட்டியா? நடந்தியா?”

மூட்டு வலியில் முடங்கிக் கிடந்த எனக்கு அவன் குரலே பாதி மருந்து. “பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும்” என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிறெரிய வயிறெரியச் சொன்னேன். எண்ணெய்ப் பண்டத்தை விட்டேன். மெல்ல மெல்ல மாடிப்படி ஏறிப் பழகினேன். அதுவும் அவன் யோசனைதான்.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. முட்டியைப் பிடிக்காமல் ஏறி வாசலில் நின்றேன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

“வலி இருக்காம்மா?”

“துளிகூட இல்லைடா, ராசா!”

உடனே உள்ளே திரும்பி மருமகளுக்குக் குரல் கொடுத்தான்.

“அம்மா தேறிட்டாங்க! குழந்தையைப் பார்த்துக்கிற ஆயாவை நாளையிலேர்ந்து நிறுத்திடு. துணி, பாத்திரம்கூட இனி அம்மாவே பார்த்துப்பாங்க!”

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

“என்னம்மா ஆச்சு?”

“முட்டிதான் ராசா, மறுபடி பிடிச்சுக்கிச்சு. நான் வந்த வண்டி கீழே நிக்குதா பாரு.”