பாய்மரப் படகில் ஏறிய அடுப்பு

இன்னாசியின் சின்னப் பாய்மரப் படகில் ஒரு விறகடுப்பு வந்து ஏறியது. இன்னாசி படகின் அறைக்குள் தகரம் விரித்து, அதன் இரும்புக் கால்களை போல்ட் போட்டு இறுக்கி, புகை போகக் குழாயும் மாட்டினார்.

பாய்மரத்திலிருந்த பாய் அடுப்பைப் பார்த்துக் கத்தியது. "மரப் படகில் நெருப்பா? ஒரு பொறி பட்டால் நான் சாம்பல். உன்னைக் கடலில் தள்ளினால்தான் எனக்கு நிம்மதி!"

"அண்ணே, ஒரு பொறிகூட வெளியே விடமாட்டேன்," என்றது அடுப்பு. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மார்கழியில் நடுக்கடலில் அடைமழை பிடித்தது. நனைந்து கனத்த பாயை இன்னாசி சுருட்டி இறக்கி, அறைக்குள் அடுப்பின் அருகிலேயே விரித்து, விறகைப் பற்றவைத்தார். பாய் அடுப்பின் இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது. படகு ஆடிய ஆட்டத்தில் கொள்ளிகள் உள்ளிருந்து உருண்டு வந்து அந்தக் கதவில் மோதின. அடுப்பு பல்லைக் கடித்துக்கொண்டு கதவை இறுக்கிப் பிடித்தது. ஒரு பொறிகூட வெளியே வரவில்லை.

மழை விட்டதும் இன்னாசி சூடாகக் கஞ்சி குடித்துவிட்டு, காய்ந்த பாயை ஏற்றினார். படகு விர்ரென்று கரைக்கு வந்தது.

கரையில் ஈரத்தோடு தொங்கிய மற்றப் பாய்கள் கேட்டன: "நீ மட்டும் எப்படியப்பா காய்ந்தாய்?"

பாய் நெஞ்சைப் புடைத்துக்கொண்டது. "எங்கள் படகில் அடுப்பு இருக்கிறதே! வைக்கச் சொன்னதே நான்தான்."

அடுப்புக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த 'எங்கள்' என்ற சொல்லைக் கேட்டதும், தான் ஒரு சுற்றுப் பெருத்ததுபோல் அதற்கு இருந்தது.