பக்கத்து இருக்கை

“விடாதீங்க. மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டிட்டு வாங்க,” என்று வெந்நீர்க் குவளையை நீட்டினாள் மனைவி. ஓய்வு பெற்ற பாலப் பொறியாளருக்குத் தெம்பு இருமடங்காயிற்று. வீட்டிலேயே இப்படியொரு படைபலம் இருக்கையில் சட்டமன்றக் குழுவாவது, மண்ணாவது.

எழுபது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் தேர்வில் தேறினால்தான் கார் ஓட்டலாமாம். அந்த வரைவுச் சட்டத்தைப் பற்றி மூத்த குடிமக்களின் கருத்தைக் கேட்க, குழு இன்று நகர மன்றத்தில் கூடுகிறது. ஊரெல்லாம் கடந்து போகப் பாலம் கட்டிக் கொடுத்தவரின் கார்ச் சாவிக்கே வேட்டு வைக்கப் பார்க்கிறார்கள்.

“எவனோ மீசை முளைக்காத பய கிளப்பிவிட்ட வேலை இது.”

“இருக்கும், இருக்கும். ரெண்டாவது மாடி. லிஃப்ட் இடது பக்கம் இருக்கு,” என்றாள் அவள்.

“சரி, வண்டியில ஏறு.”

“கொஞ்சம் வேலை கிடக்கு. நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வந்துடறேன்.”

காரைப் பின்னோக்கி எடுக்கையில் வாசல் தூணில் ‘டங்’கென்று ஓர் ஓசை கேட்டது. தூணைக் கட்டியவனுக்கு அளவே தெரியாது என்பது அவருடைய நெடுநாள் கருத்து.

மன்றத்தில் அவர் முழங்கினார். “ஐம்பது வருஷமா ஓட்டுறேன். எனக்குத் தலைதான் நரைச்சிருக்கு. என் பிரேக் நரைக்கலை.” வழுக்கைத் தலைகள் ஆடின, கைத்தடிகள் தரையைத் தட்டின. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“உங்க பக்கத்துல உட்கார்ந்து வர்றவங்க என்ன சொல்றாங்க, ஐயா?” என்று கேட்டார் குழுத் தலைவி.

“என் சம்சாரம்தான் வருவா. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வண்டி கிளம்பினா, இறங்குற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு வருவா. அவ்வளவு நம்பிக்கை.”

மன்றம் சிரிப்பில் குலுங்கியது. சட்டம் இந்நேரம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

“அருமை, ஐயா. ஆனா இந்தச் சட்டம் வேணும்னு கேட்டவங்களும் உங்களை மாதிரி ஒரு மூத்தவங்கதான். மாசக்கணக்கா எங்க ஆபீசுக்கு நடையா நடந்தாங்க. அவங்களையும் கேட்டுடுவோம்.”

“தாராளமா. வரச் சொல்லுங்க, ஒரு கை பார்த்துடறேன்.” அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கடைசி வரிசையில் அவருடைய மனைவி எழுந்தாள். மகிழ்ச்சி தாளாமல் எழுந்துவிட்டாள் போலும் என்றெண்ணி, “போதும், உட்காரு,” என்று பெருந்தன்மையோடு கையமர்த்தினார்.

அவள் உட்காரவில்லை. விறுவிறுவென்று நடந்து வந்து, அவர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

“அது நம்பிக்கை இல்லீங்க, பயம்.”