கங்கம்மா உட்காரும் பக்கம்

பள்ளி இன்ஸ்பெக்டர் பாலையா தெலுங்குப் புத்தகத்தை விரித்துக் கங்கம்மாவின் கையில் கொடுத்தார். அவள் வாயே திறக்கவில்லை.

நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மெட்ராஸில் பயிற்சி எடுத்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. குழந்தை ஒரு வேலையில் இருக்கும்போது டீச்சரின் கைக்கு அங்கே வேலை இல்லை. வாய்க்கும் இல்லை. எனக்கு இயல்பாகவே பேச்சு குறைவு. அந்தப் பாடத்தில் மட்டும் முதல் மார்க் வாங்கினேன்.

காலையிலிருந்து பாலையா எங்கள் பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பள்ளி என்றால் ஓர் ஓட்டு வீடு, இருபத்திரண்டு பிள்ளைகள், நான்.

மூன்று வயதுக்காரன் ஒருவன் சொம்பிலிருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாலையா குனிந்து, "தாகமா?" என்று கேட்டார்.

"வேலையா கீறேன்" என்றான் அவன், நிமிராமலே.

ஒரு சிறுமி மரச்சட்டத்தில் தைத்த துணிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை பாலையா பொறுமையாக நின்றார். அவள் முடித்தாள். உடனே எல்லாப் பொத்தான்களையும் கழற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பாடம் எப்போ ஆரம்பிப்பீங்க, தாட்சாயணி அம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"காலையிலேயே ஆரம்பிச்சாச்சு, சார்."

சித்தூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார் பாவம். போன ஏப்ரலில் எங்கள் சத்தியவேட்டுப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யத்தை விட்டு ஆந்திராவுக்குப் போனதிலிருந்து எங்கள் பள்ளியின் அங்கீகாரம் புதிய சர்க்காரின் கையில் இருந்தது. இவர் மூடச் சொன்னால் மூட வேண்டியதுதான். அடுத்த பள்ளி மூன்று மைல் தள்ளி. சின்னதுகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பமாட்டார்கள். பொத்தான் போடுகிறவள் அடுத்த மாதம் ஆட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பாள்.

"தெலுங்கு வாசிக்க வருமா? ஒரு பிள்ளை வாசிச்சுக் காட்டட்டும், போதும்" என்றார் பாலையா.

யாருக்கு இஷ்டம் என்று பொதுவாகக் கேட்டேன். கங்கம்மா எழுந்து வந்தாள்.

அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கு வந்த முதல் மாதம் முழுக்க மேஜை துடைத்துக்கொண்டே இருந்தவள். நான் தடுக்கவில்லை. அவள் அம்மா செங்கம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்று கத்தினாள்: "வூட்ல துடைப்பத்தத் தொடமாட்டா. இங்க வந்து மேஜை துடைக்கவா தலைவாரி அனுப்பிக்கினு கீறேன்?"

அப்போதும் என் கைகள் முதுகுக்குப் பின்னால்தான்.

இப்போது பாலையா கொடுத்த புத்தகம் கங்கம்மாவின் கையில் இருந்தது. அவள் அதை இப்படியும் அப்படியும் தலைசாய்த்துப் பார்த்தாள்.

பாலையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஜோசியம் பலித்தவரின் திருப்திதான் இருந்தது.

என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன.

கங்கம்மா நிமிர்ந்தாள். பெரியவர்களின் தவறைச் சுட்டிக்காட்டும்போது மட்டும் அவளுக்கு வரும் மரியாதையான குரலில் சொன்னாள்:

"தலைகீயா குடுத்துக்கீறீங்க, சார்."

நேராக இருந்த புத்தகத்தை அவளே தலைகீழாகத் திருப்பினாள். தெலுங்குப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புதிய சர்க்கார் எங்களுக்கு அனுப்பியது ஒரே ஒரு தெலுங்குப் புத்தகம். பிள்ளைகள் அதைத் தரையில் வைத்துச் சுற்றி உட்காருவார்கள். யார் எங்கே உட்காருவது என்பது அவரவர் இஷ்டம். ஒன்பது மாதமும் கங்கம்மா எதிர்ப்பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அங்கிருந்தால்தான் ஜன்னல் வழியாக எருமை தெரியும். நானும் ஒன்பது மாதமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ரசித்திருக்கிறேன்.

பாலையா சிரித்துவிட்டார். "மனப்பாடம் அம்மா, மனப்பாடம்! சின்ன வயசுல நானும் இப்படித்தான் வாத்தியாரை ஏமாத்தினேன்."

"வேற எதையாவது குடுங்க, சார்."

அன்று யாரும் கேட்காமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

கங்கம்மாவின் மேல் வைத்த பார்வையை எடுக்காமலே அவர் தோல்பைக்குள் கைவிட்டு, அகப்பட்ட தாளை உருவிக் கொடுத்தார். தெலுங்கில் பெரிய பெரிய எழுத்தில் மையால் எழுதிய தாள்.

கங்கம்மா அதையும் தலைகீழாகத் திருப்பினாள். வலமிருந்து இடமாக விரலை நகர்த்தி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் தெலுங்கில் வாசித்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"ஊராருக்கு அறிவிப்பு. இந்தப் பள்ளியை நேரில் வந்து பரிசோதித்ததில், பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியவில்லை என்று தெரியவந்தது. ஆகவே வரும் ஒன்றாம் தேதி முதல் பள்ளி மூடப்படுகிறது."

கடைசியில் இருந்த தேதியையும் அவள் விடவில்லை. அது போன திங்கட்கிழமைத் தேதி. அவர் பரிசோதிக்க வந்த அன்றோ வியாழன்.

"சரியா படிச்சனா, சார்?" என்று கேட்டாள்.

அதே நேரத்தில் அவருடைய பியூன் வாசலில் தலையை நீட்டினார். கையில் பசை டப்பா.

"கதவுல ஒட்டிடலாமா, சார்?"

பாலையா பியூனைப் பார்த்தார். கங்கம்மாவைப் பார்த்தார். 

பிறகு, முதலில் கேட்டவளுக்கு முதலில் பதில் சொன்னார்.

"சரியாத்தான் படிச்சே, தாயி."